ஃப்ளோரிடாவின் சிவப்பு அலையும் மன்னார் வளைகுடாவின் பச்சைக் கடலும்

இரண்டுமே மீன்களைக் கொன்று கரையொதுக்கும். கொல்லும் விதம்தான் வேறு.

ஃப்ளோரிடாவில் பெருகிக் கடலைச் சிவப்பாக்கும் கரேனியா பிரெவிஸ் அசல் விஷப் பாசி. அதன் பிரெவிடாக்சின் என்ற விஷம், நரம்புகளுக்குள் சோடியத்தை விடும் வாயில்களைத் திறந்தே வைத்துவிடும். மீன் துடித்துச் சாகும். அலையில் பாசி உடைந்து விஷம் காற்றில் கலப்பதால் கரையில் நடப்பவருக்கும் இருமல் வரும். விஷம் படிந்த கடற்புல்லைத் தின்ற மனாட்டீ என்ற கடற்பசுக்கள் 2013-இல் மட்டும் 200-க்கு மேல் இறந்தன. சிப்பிகளில் சேர்ந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. 2017-இல் தொடங்கிய பெருக்கம் 2019 வரை நீண்டு, இடையில் அவசரநிலையே அறிவித்தார்கள்.

2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடலைப் பச்சையாக்கிய நாக்டிலூகா என்ற நுண்ணுயிருக்கு அப்படி விஷம் கிடையாது. இரவில் நீலமாக மின்னி நம்மைச் செல்ஃபி எடுக்க வைப்பதும் இதன் இனம்தான்! ஆனால் அது கூட்டமாகச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அம்மோனியா ஏறும். நீந்தித் தப்பும் மீன் தப்பலாம். பவளம் எங்கே போகும்?

மனிதருக்கு ஆபத்து எது என்றால் சந்தேகமில்லாமல் கரேனியாதான். பவளப்பாறைக்கு என்றால், விஷமில்லாத நாக்டிலூகாவையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.