துளிர்த்திருக்கிறது என்பதற்காக மேப்பிள் கட்டையை வாங்கிவிடாதீர்கள்

போன்சாய்க்காக, அதாவது தொட்டியில் குட்டி மரமாக வளர்க்க, தாழ வெட்டிய தடித்த மேப்பிள் கட்டை ஒன்றை வாங்கி, ஒரே ஆளிடம் இரண்டு தடவை ஏமாந்தேன். முதல் தடவைக்கு அவர் பொறுப்பு. இரண்டாவதில் எனக்கும் பங்கு உண்டு. வெட்கத்தை விட்டுவிட்டு இரண்டையும் சொல்கிறேன்.

போன்சாய்க்காரர்களுக்குத் தடித்த தூரைக் கண்டால் புத்தி மழுங்கிவிடும். காரணம் இருக்கிறது. நான் வாங்கிய ட்ரைடென்ட் மேப்பிள் வகை வேகமாக வளரும் மரம்தான். ஆனாலும் சின்னத் தொட்டியில் வைத்து அதன் அடியைக் கை தடிமனுக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம். நிலத்தில் விட்டுப் பல வருடம் வளர்த்து, பிறகு தாழ வெட்டி, வெட்டிய இடத்தில் கிளம்பும் துளிர் ஒன்றைப் புதிய தலைக்கிளையாக வளர்த்தெடுக்க வேண்டும். மேலே தெரிகிற அந்தப் பெரிய வெட்டுக்காயத்தைக் குடைந்து, செதுக்கி, இயற்கையாக உண்டான பொந்து போல ஆக்க வேண்டும். இந்த முதல் பத்து வருட உழைப்பை யாரோ செய்து கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கு வந்த படத்தில் இருந்தது 12 செ.மீ. அடித்தடிமன், 25 செ.மீ. உயரம், மேலே சாய்வான வெட்டு, சுற்றிலும் பொன்பச்சைத் துளிர்கள், அடியில் மெத்தை மாதிரி பாசி. "அஞ்சு வருஷமா தொட்டியிலேயே இருக்கு சார், வேர் நல்லா பிடிச்சிருச்சு. நேரா செதுக்க ஆரம்பிச்சிரலாம்" என்றார் விற்றவர். முன்பக்கப் படங்கள் நான்கு அனுப்பினார். பின்பக்கம் கேட்கத் தோன்றவில்லை.

குளிர் முடிகிற சமயம் கட்டை வந்து சேர்ந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. துளிர்கள் இலையாக விரிந்தன. மூன்று மடல் இலை, எதிரெதிர் ஜோடியாக. மேப்பிள்தான், அதில் பொய் இல்லை. (மூன்று மடல் இலை உள்ள லிக்விடாம்பர் வகையை மேப்பிள் என்று விற்பதும் நடக்கிறது. அதன் இலைகள் மாறி மாறித்தான் வரும், ஜோடியாக வராது. கசக்கினால் பிசின் வாசனை அடிக்கும்.)

ஆறாவது வாரம் வெயில் ஏறியது. ஒரு மத்தியானத்தில் அத்தனை இலையும் ஈரத்துணி போலத் தொங்கிவிட்டன. மண் ஈரமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் நிழலில் வைத்தும் நிமிரவில்லை. மூன்றாம் நாள் மண்ணைக் கிளறினேன். விரல் போன இடமெல்லாம் மண்தான், வேர் தட்டுப்படவில்லை.

கொட்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கட்டையின் அடி ரம்பத்தால் தட்டையாக அறுக்கப்பட்டிருந்தது, அறுத்த முகம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் சணல் இழை போல நாலைந்து சல்லி வேர். கட்டை ஒரு பலகையில் திருகாணி போட்டு முடுக்கப்பட்டு, பலகை தொட்டியோடு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. நான் ஆட்டியபோது ஏன் அசையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அடியில் பலகை வைத்துத் திருகுவது நல்ல வளர்ப்பு முறைதான், வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவட்டும் என்று செய்வது. நல்ல முறையையே மறைப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார். கோபத்துக்கு நடுவிலும் ஆளின் மூளையை நினைத்து ஒரு கணம் வியந்தேன்.

பிறகு துளிர் எப்படி வந்தது? இலையுதிர் மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அடுத்த வசந்தத்துக்கான மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் சேமித்து வைக்கும். இவ்வளவு தடித்த கட்டையில் அந்தச் சேமிப்பும் ஈரமும் தாராளமாக இருக்கும். வேரே இல்லாவிட்டாலும் மொட்டு வெடித்து இலை வந்துவிடும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடும்போதுதான் குட்டு உடையும், ஏனென்றால் இழுத்துக்கொடுக்கக் கீழே ஆள் இல்லை. அதற்குள் விற்றவர் பணத்தை எண்ணி முடித்திருப்பார். ஆகவே முதல் துளிர் எதற்கும் சாட்சி இல்லை. ஒரு முழுக் கோடையைத் தாண்டி, கிளைகள் முழ நீளம் ஓடியிருந்தால்தான் வேர் பிடித்தது என்று பொருள்.

பாசியை எல்லாம் உரித்தபோது பின்பக்கமும் பல்லை இளித்தது. ஒடுக்கு விழுந்த காருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது போல, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி வைத்து, மேலே பட்டைத்தூளைப் பசையில் குழைத்து ஒட்டியிருந்தார்கள். கத்தி முனையால் நெம்பியதும் ஓடு போல வந்துவிட்டது. உள்ளே ஈரப் பழுப்பாக மக்கிப்போன கட்டை. விரல் நகத்தால் கிள்ளி எடுக்கலாம். விரல் கணுவால் தட்டிப் பார்த்திருந்தாலே போதும், சத்தம் காட்டிக்கொடுத்திருக்கும்.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க சார், வேர் அழுகிருச்சு" என்றார். அழுகின வேர் கறுத்து, தோல் உரிந்து, அங்கேயே கிடக்கும். அறுத்துவிட்டுப் போகாது. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். "சரி விடுங்க, எங்க ஆளை வெச்சு செதுக்கிக் கொடுக்கச் சொல்றேன், அதுக்குப் பணம் வேண்டாம்."

இதற்குத்தான் நான் மயங்கினேன்.

நடுவில் கட்டையைக் காப்பாற்றவும் முடிந்தது. ட்ரைடென்ட் மேப்பிள் குச்சியிலேயே எளிதில் வேர்விடும் சாதி. அடியைப் புதிதாகச் சீவி, வேர் ஊக்கிப் பொடி தடவி, சலித்த பியூமிஸில் (எரிமலை நுரைக்கல்) நட்டு, மேலே பாலித்தீன் உறை போட்டு நிழலில் வைத்தேன். பாதி இலை கொட்டியது, மீதி பிழைத்தது. கோடை முடிவதற்குள் தொட்டித் துளை வழியாக வெள்ளை வேர்நுனி இரண்டு எட்டிப் பார்த்தன. அப்படியே இரண்டு வருடம் தொடாமல் விட்டிருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் இலவசச் செதுக்கலுக்குக் கொண்டுபோனேன்.

செதுக்குபவர் கட்டை குடையும் மின் கிரைண்டரை எடுத்தார். முகக்கவசம் இல்லை, கண்ணாடி இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது பிரமாதமாகவே தோன்றியது. அதுதான் இந்த வேலையில் உள்ள ஆபத்து. செதுக்கிய அன்று எல்லாக் கட்டையும் அழகாகத்தான் இருக்கும்.

என்ன தவறு என்று பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. வெட்டிய கட்டையில் எது உயிரோடு இருக்கும், எது காயும் என்பதை மரம்தான் முடிவுசெய்யும். எந்தக் கிளைக்கு எந்த வேரிலிருந்து சாறு ஏறுகிறதோ அந்தப் பட்டைவழி பிழைக்கும், மற்றது உள்வாங்கும். அந்த எல்லை தெளிய இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை செத்தது என்று உறுதியான கட்டையை மட்டும்தான் தொடலாம். இவர் புதிய தலைக்கிளைக்குக் கீழே இருந்த உயிர்ப்பட்டையையும் சேர்த்துக் குடைந்துவிட்டார், வடிவம் ஓட்டமாகத் தெரிவதற்காக. அடுத்தது காலம். கோடையின் தொடக்கத்தில், இலை முற்றியபின் வெட்டினால், காயத்தின் விளிம்பிலிருந்து கேலஸ் (காயத்தை மூடும் புதுத் திசு) அந்தப் பருவத்திலேயே உருண்டு வரத் தொடங்கும். இலை உதிரும் நேரத்தில் அறுத்த காயம் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே கிடக்கும். விளிம்புக்குக் காயப்பசைகூடப் பூசவில்லை.

எல்லாவற்றிலும் மோசம் பொந்தின் வடிவம். கிண்ணம் மாதிரி. மழை பெய்தால் நீர் நிற்கும். பொந்தின் தளம் ஒரு பக்கம் சரிந்து, நீர் வெளியே வழிய வாய் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். ஊசியிலை மரமான ஜூனிப்பரின் கட்டை பிசின் ஏறியது, செத்தபின்னும் பல காலம் எலும்பு போல நிற்கும். மேப்பிள் அப்படி வைரம் பாயும் மரம் அல்ல. ஈரம் பட்டால் மக்கும். அதற்குச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூசி ஜூனிப்பர் போல வெள்ளை வெளேர் என்று ஆக்கிக் கொடுத்தார். பச்சை மேப்பிள் இலைக்கு நடுவே சுண்ணாம்படித்த சுவர் போல நின்றது.

அடுத்த வசந்தத்தில் தலைக்கிளை துளிர்க்கவில்லை. சுரண்டிப் பார்த்தால் பட்டைக்கடியில் பழுப்பு. கட்டையின் ஒரு பக்கம் அடிவரை செத்துவிட்டது. மறுபக்கத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு கிளை ஓடிக்கொண்டிருக்கிறது, இனி அதுதான் மரம். கிண்ணத்தின் அடியில் துளையிட்டு நீருக்கு வழி செய்துவிட்டேன். கருவியை வேறு எதிலும் பயன்படுத்துமுன் ஸ்பிரிட்டால் துடைக்கிறேன், அந்தக் கட்டையில் என்ன பூஞ்சை இருக்கிறதோ.

போன மாதம் அதே ஆள் இன்னொரு கட்டைக்குப் படம் போட்டிருந்தார். பொன்பச்சைத் துளிர், மெத்தைப் பாசி, நான்கும் முன்பக்கம். நண்பரின் எண்ணிலிருந்து கேட்க வைத்தேன்: பின்பக்கமும், தொட்டியைக் கவிழ்த்து அடிவேரும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

பதில் உடனே வந்தது. "அதெல்லாம் வேண்டாம் சார், பாசி கலைஞ்சிரும்."