சீன மாணவர் கையில் 'இங்கிலிஷ் இடியம்ஸ் இன் யூஸ்': எதைப் படிக்கலாம், எதைத் தாண்டலாம்

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பிக்க மைக்கேல் மெக்கார்த்தியும் ஃபெலிசிட்டி ஓடெலும் எழுதிய இந்தப் புத்தகத்தை கேம்பிரிட்ஜ் 2002-இல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2017-இல் வந்தது. அட்வான்ஸ்டு தொகுதி தனியாக உண்டு. இங்கே பார்ப்பது இன்டர்மீடியட் தொகுதி. 60 அலகுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபுத்தொடர்கள். அலகுக்கு இரண்டே பக்கம்: இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விடைகள் கடைசியில் இருப்பதால் ஆசிரியர் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் இது எல்லா மொழிக்காரருக்கும் பொதுவாக எழுதியது. மாண்டரின் பேசி வளர்ந்தவர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் பாதி உழைப்பு வீண். சிங்கப்பூரிலோ ஷென்ஜென்னிலோ சீன மாணவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் இந்த மதிப்புரை உதவும்.

முதலில் நல்லது. விளக்கம் முழுக்க ஆங்கிலத்திலேயே இருப்பதுதான் இதன் பெரிய பலம். சீனத்தில் பொருள் போட்ட பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஒவ்வொரு ஆங்கிலத் தொடருக்கும் ஒரு செங்யூவை ஜோடி சேர்த்துவிடும். செங்யூ என்றால் பெரும்பாலும் நான்கெழுத்தில் அடங்கும் பழந்தொடர். பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழங்கதையோ செய்யுள் வரியோ இருக்கும். கட்டுரையில் பொருத்தமாக ஒன்றைப் போட்டால் எழுதியவர் படித்தவர் என்று பொருள். சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவின் மொழித் தாளில் செங்யூ கேள்வியே உண்டு. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் மாணவர், மரபுத்தொடர் என்றாலே நடைக்கு நகை போடுவது என்று நினைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறு. பெரும்பாலான மரபுத்தொடர்கள் பேச்சு வழக்கைச் சேர்ந்தவை, சில கொச்சையானவையும்கூட. ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையில் 'எ பீஸ் ஆஃப் கேக்' (வெகு சுலபம்) வந்தால் பல்லிளிக்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் 'கிக் த பக்கெட்' என்பது, இழவு வீட்டில் நின்றுகொண்டு "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே" என்று கேட்பதற்குச் சமம். செங்யூ ஜோடி போட்ட பட்டியலில் இந்த வேறுபாடு துளியும் தெரியாது. இந்தப் புத்தகத்தில் தொடர் முழு வாக்கியத்துக்குள் வருகிறது, யார் யாரிடம் சொல்கிறார் என்பதும் ஓரளவு புரிகிறது.

இனி பொதுப் புத்தகம் சொல்லவே முடியாத விஷயம்: சீனத்தில் ஏற்கெனவே இருக்கும், பார்க்க அதே மாதிரித் தெரிகிற, பொருள் வேறான தொடர்கள். புதுத் தொடரை மாணவர் அகராதியில் தேடுவார். தெரிந்த மாதிரி இருப்பதைத் தேட மாட்டார். அதனால் தவறுகளில் இவைதான் பிடிவாதமானவை.

'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றால் ஒருவரை விளையாட்டாக ஏமாற்றிச் சீண்டுவது. சீனத்தில் 'துவோ ஹௌதுய்', அதாவது பின்னங்காலை இழுப்பது என்றால், முன்னேறுகிறவரைப் பின்னுக்கு இழுப்பது. தமிழரும் இதே குழியில் விழலாம். நமக்குக் காலை வாரிவிடுவது துரோகம். 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்றால் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வது. சீனத்தின் 'ஷியென்', சொல்லைத் தின்பது, கொடுத்த வாக்கை மீறுவது. முதலாளியிடம் "யூ ஏட் யுவர் வேர்ட்ஸ்" என்று ஒருவர் புகார் சொன்னால், அவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்றே முதலாளிக்குப் புரியாது. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்றால் பொறுப்பிலிருந்து விலகுவது, நாம் "கைகழுவி விட்டான்" என்பது போலவே. சீனத்தில் கை கழுவுவது பெரும்பாலும் தப்புத் தொழிலை விட்டுத் திருந்துவது. 'சைல்ட்ஸ் ப்ளே' சுலபமான வேலை. சீனத்தின் 'அர்ஷி', அதே குழந்தை விளையாட்டு, கவனமாகச் செய்ய வேண்டியதை அலட்சியமாகச் செய்வது. 'ஆன் க்ளவுட் நைன்' பேரானந்தம். ஆனால் ஒன்பதாம் வானத்து மேகத்துக்கு அப்பால் வீசிவிட்டேன் என்று சீனத்தில் சொன்னால், அடியோடு மறந்துவிட்டேன் என்று அர்த்தம்.

'இன் த சேம் போட்' இன்னும் நுணுக்கமானது. சீனத்தில் அதே படகு 'தோங்ஜோ கோங்ஜி'யாக இருக்கிறது. பகைவர்களான வூ, யூவே நாட்டார் ஒரே படகில் போகும்போது புயல் வந்தால் இடக்கையும் வலக்கையுமாக உதவிக்கொள்வார்கள் என்று பழங்காலப் போர்நூல் ஆசிரியர் சுன் ட்சு சொன்ன உவமையோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. அதாவது அந்தப் படகில் ஒத்துழைப்பு ஏறிவிட்டது. ஆங்கிலப் படகில் அது கிடையாது. உனக்கு வந்த கஷ்டம்தான் எனக்கும் என்பதோடு சரி. கூட்டாகத் தொழில் செய்ய அழைக்கும் கடிதத்தில் இதைப் போட்டால், படிப்பவர் உங்கள் கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கக்கூடும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பொறாமைக்குப் பச்சை. சீனத்தில் 'ஹோங்யென்பிங்', செங்கண் நோய். பச்சைத் தொப்பி அணிந்தவன் என்றால் சீனத்தில் மனைவி துரோகம் செய்த கணவன். 'க்ரீன் வித் என்வி' வகுப்பில் வந்ததும் ஏன் சிரிப்பு எழுகிறது என்று ஆசிரியர் முழிக்க வேண்டாம்.

புத்தகம் வாங்கியதும் ஓரத்தில் இவற்றைக் கைப்பட எழுதிவைப்பது நல்லது. பொருள் சரியாகப் பொருந்தும் இடங்களையும் குறிக்கலாம்: 'கில் டூ பேர்ட்ஸ்'க்குச் சீனத்தில் ஒரே அம்பில் இரண்டு கழுகு, முதலைக் கண்ணீருக்கு எலிக்காக அழும் பூனை. நம் ஊரில் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழும். இவற்றுக்குத் தனி உழைப்பு தேவையில்லை, ஒரு முறை பார்த்தால் போதும்.

அடுத்த குறை, அலகுகளை அடுக்கிய விதம். பல அலகுகள் பொருளை வைத்தும் சில ஒரே சொல்லை வைத்தும் அமைந்தவை. திரும்பப் பார்க்க அது வசதி. புதிதாகப் படிக்க அது தொல்லை. 'ஓவர் த மூன்', 'ஆன் க்ளவுட் நைன்', 'ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்' மூன்றையும் ஒரே மாலையில் படித்தால் மறுநாள் வாயில் வருவது 'ஆன் த மூன்'. பொருள் ஒன்று, உருவம் கிட்டத்தட்ட ஒன்று, மூளை கலந்துவிடுகிறது. கை, கால், தலை என்று ஒரே உறுப்பின் தொடர்களைக் கூட்டமாகப் படித்தாலும் இதே கதை. எனவே ஒரு அலகிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றை எடுத்து, அடுத்ததை இருபது அலகு தள்ளி எடுக்கலாம். அதே அலகுக்கு இரண்டு வாரம் கழித்துத் திரும்பலாம்.

ஆயிரத்தையும் படிக்க வேண்டுமா? வேண்டாம், 300 போதும். சலித்தெடுக்க ஒரு வழி: தொடரை 'யூக்ளிஷ்' தளத்தில் தட்டினால் யூடியூபில் அது பேசப்பட்ட இடங்கள் வரிசையாக வரும். முதல் பத்தில் பெரும்பாலானவை அந்தத் தொடரைப் பற்றிப் பாடம் நடத்தும் காணொளிகள் என்றால் அதை விட்டுவிடலாம். பேசுகிறவர்களைவிடக் கற்பிக்கிறவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். 'இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' சீன மாணவர் எல்லோருக்கும் தெரியும். நனைந்து வந்து நிற்கும் ஆங்கிலேயர் சொல்வது பெரும்பாலும் 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) என்பதுதான். பெருநிலச் சீனாவில் யூடியூப் நேரடியாகத் திறக்காது என்பதால் இந்தச் சலித்தெடுக்கும் வேலையை வெளியில் இருக்கும் ஆசிரியர் செய்துகொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நினைவில் நிறுத்தப் புத்தகப் பயிற்சிகள் போதாது. அவை பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக வகை. அன்றைக்குச் சரியாக வரும், மாதம் கழித்து வராது. கேள்வி-விடைக் கார்டுகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் இலவசமான 'அங்கி' செயலியோடு சேர்த்தால்தான் புத்தகத்துக்குக் கொடுத்த காசு தேறும் (ஐபோன் செயலிக்கு மட்டும் விலை உண்டு, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இல்லை). ஒரு தொடருக்கு மூன்று கார்டு.

முதல் கார்டில் முழு வாக்கியம், ஆனால் மறைப்பது பெரிய சொல்லை அல்ல, சின்னச் சொற்களை. 'ஐ'ம் அண்டர் த வெதர்' (எனக்கு உடம்பு சரியில்லை) என்பதில் 'வெதர்' தானாகவே மனதில் நிற்கும். நழுவுவது 'அண்டர் த'. சீனத்தில் 'எ', 'த' போன்ற சொற்களே கிடையாது, அதனால் 'அண்டர் வெதர்', 'அவுட் ஆஃப் ப்ளூ' என்று சொல்வார்கள். நேர்மாறாக 'இன் ஹாட் வாட்டர்' இடையே இல்லாத 'த' புகுந்துவிடும். அகராதியில் 'ஒன்ஸ்' (one's, ஒருவருடைய) என்று இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து 'ஐ மேட் அப் ஒன்ஸ் மைண்ட்' என்பவர்களும் உண்டு. செங்யூவில் ஓரெழுத்தும் மாறாது, அந்தப் பழக்கம்தான் காரணம். அதனால் இத்தகைய தொடர்களின் வாக்கியத்தை எப்போதும் 'மை', 'ஹெர்' என்று ஆளைப் போட்டு, இறந்த காலத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது கார்டில் சீனத்தில் ஒரு சூழல், இரண்டு வரி: "ரகசியப் பிறந்தநாள் விருந்து. தம்பி அக்காவிடம் உளறிவிட்டான். நீ அம்மாவிடம் சொல்கிறாய்." விடை, 'ஹி லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' என்று வாய்விட்டுச் சொல்வது. இந்தக் கார்டில் செங்யூவை மட்டும் போடக் கூடாது. போட்டால் பழைய ஜோடி வேலை மறுபடி தொடங்கிவிடும். மூன்றாவதில் ஒலி மட்டும், எழுத்தே இல்லை.

அங்கியில் நாளொன்றுக்குப் புதுக் கார்டு 20 என்று இயல்பாக இருக்கும். அதை 6 ஆக்க வேண்டும். 300 தொடர், 900 கார்டு, 150 நாள். 20-ஐ அப்படியே விட்டால் சில வாரங்களில் மறுபார்வை மட்டுமே நூறைத் தாண்டும், அதோடு செயலியை மூடிவிடுவார்கள். ஒரே தொடரின் மற்ற கார்டுகளை மறுநாளுக்குத் தள்ளும் 'பரி' வசதியையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கார்டின் விடை இரண்டாவதைக் காட்டிக்கொடுத்துவிடும். எட்டு முறை தவறிய கார்டை அங்கி 'லீச்', அதாவது அட்டை, என்று குறித்துவைக்கும். அதை மறுபடி திணிக்காமல், எந்தத் தொடரோடு குழம்புகிறது என்று தேடிப் பார்த்து, இரண்டில் ஒன்றை அழித்துவிடுவதே மேல்.

அச்சுப் புத்தகம் காதுக்கு எதுவும் தராது. சீன மாணவருக்கு இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் வலிக்கும். மாண்டரின் அசைகள் உயிரொலியிலோ 'ன்', 'ங்' ஒலியிலோ முடியும், சில இடத்தில் 'ர்'; 'க்', 'ட்', 'ப்' என்று முடிவதில்லை. 'கேக்' அவர்கள் வாயில் 'கேக்க' ஆகும், அல்லது கடைசி ஒலி விழுந்துவிடும். இன்னொருவர் 'பீஸ'கேக்' என்று வேகமாகச் சேர்த்துச் சொன்னால் கண்ணுக்குத் தெரிந்த தொடரே காதுக்குத் தெரியாது. இதற்கு பிபிசியின் 'த இங்கிலிஷ் வி ஸ்பீக்' நல்ல துணை. ஏறக்குறைய மூன்று நிமிடம், ஒரே தொடர், இரண்டு பேர் உரையாடல், நடுவே எடுத்துக்காட்டு வாக்கியங்கள். சீன மாணவர்களுக்காக 'திதாவ் யிங்யூ' என்ற பெயரிலும் வருகிறது. முதல் முறை எழுத்துவடிவம் பார்க்காமல் கேட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் நிறுத்தி நிறுத்தி, பேசுகிறவரோடு ஒட்டியே ஐந்து முறை சொல்லலாம். உரையாடலில் வரும் நகைச்சுவை கொஞ்சம் வலிந்து செய்தது, பொறுத்துக்கொள்ளலாம்.

அன்றாடப் பேச்சுக்கு இந்தப் புத்தகத்தை நம்பி இருக்க வேண்டாம். 'டெல் மி அபௌட் இட்' என்றால் "அதை ஏன் கேக்கிறே!" என்று ஆமோதிப்பது, மாணவர் நிஜமாகவே விவரம் சொல்லத் தொடங்கிவிடுவார். 'ஐ'ம் குட்' என்றால் பல இடங்களில் "எனக்கு வேண்டாம்". "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது சீனருக்கும் நமக்கும் வெறும் நலம் விசாரிப்பு, ஆங்கிலத்தில் கேட்டால் சாப்பிட அழைக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். 'டோன்ட் யூ லைக் இட்?' என்ற கேள்விக்குப் பிடிக்காதவர் 'யெஸ்' என்று பதில் சொல்வது சீனத்தின் வழக்கம், ஆங்கிலத்தில் 'நோ'தான். தமிழின் "ஆமா, பிடிக்கல" மாதிரிதான்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகிறவர்கள் இந்தப் புத்தகத்தை அதிகம் வாங்குவதற்குக் காரணம் பேச்சுத் தேர்வின் 7-ஆம் மதிப்பெண் பட்டை விவரணை. அதில் 'இடியமேட்டிக்' சொல்வளம் என்று ஒரு சொல் வருகிறது. அதை 'இடியம்' என்று படித்து, இருபது தொடரை உருப்போட்டு, பதினைந்து நிமிடத்துக்குள் பத்தை இறக்கிவிடுவார்கள். அதே வரியில் நடை உணர்வும், எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வும் கேட்கப்படுகின்றன. இயல்பாகச் சேரும் 'மேக் எ டிசிஷன்', 'ரன் அவுட் ஆஃப் டைம்' போன்றவையும் 'இடியமேட்டிக்' என்பதில் அடங்கும். பேச்சோடு கலந்து இரண்டு தொடர் வந்தால் போதும்.

எளிய உரையாடலே இன்னும் தடுமாறும் மாணவருக்கு இது வேண்டாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களே புரியாது. மற்றவர்கள் வாங்கலாம். பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் வலப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். முன்பு வைத்திருந்தவர் பேனாவால் விடை நிரப்பியிருந்தால் பாதிப் புத்தகம் போயிற்று.