கசிவுக்கு நாடா வைத்த பிறகு எந்த ஸ்கேன்?

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று, சிறுநீர் வெளியேறும் குழாயைத் தாங்கும் நாடா (ஸ்லிங்) வைத்துக்கொண்ட பெண்களுக்குப் பிறகு வலி வந்தாலோ, சிறுநீர் போவது கடினமானாலோ, உடனே எம்ஆர்ஐ கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அது முதல் தேர்வல்ல. நாடா பாலிபுரோப்பிலீன் இழையால் ஆனது, மெல்லியது. சிடியில் அது அநேகமாகத் தெரியாது. எம்ஆர்ஐயில் மெல்லிய கறுப்புக் கோடாக இருப்பதால், தழும்பிலிருந்து பிரித்தறிவது சிரமம். அல்ட்ராசவுண்டிலோ பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ஆனால் அது வழக்கமான வயிற்று ஸ்கேன் அல்ல. உறையிட்டு ஜெல் தடவிய கருவியைப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள், உள்ளே நுழைப்பதில்லை. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, சும்மா படுத்திருக்கும்போதும், முக்கும்போதும், அடியிடுப்பை இறுக்கும்போதும் படமெடுப்பார்கள். அசைவோடு பார்ப்பதுதான் இதன் பெரிய பலம். முக்கும்போது மட்டும் நாடா ‘சி’ வடிவில் வளைந்தால் நல்லது. சும்மா இருக்கும்போதே அப்படி வளைந்திருந்தால், இறுக்கமாகப் போடப்பட்டிருக்கலாம். சிறுநீர் வெளியேறும் குழாயின் உட்பாதைக்கும் நாடாவுக்கும் இடைவெளி பொதுவாக 3 முதல் 5 மி.மீ. இருப்பது பொருத்தம். மிக நெருங்கினால் அடைப்பு, மிக விலகினால் கசிவு திரும்பும்.

முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் செல்லும் நாடாவின் மேற்பகுதி எலும்பின் நிழலில் மறைந்துவிடும். அங்கே சீழ், எலும்புத் தொற்று, ஆறாத ஆழ்ந்த வலி என்றால் எம்ஆர்ஐதான். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தப்போக்கு இருந்தால் சிடியை நாடுவார்கள். குடல் காயமோ ரத்தக்கட்டோ சீக்கிரம் தெரியவேண்டும் என்பதே காரணம். நாடா சிறுநீர்ப்பைக்குள் நுழைந்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கு எந்த ஸ்கேனும் முடிவான பதிலல்ல, குழாய்க் கேமரா வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

நாடாவுக்குப் பதில் அந்தக் குழாயின் சுவரில் ஜெல் ஊசி போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். நீர் நிறைந்த ஜெல் எம்ஆர்ஐயில் வெள்ளையாகத் தெரிவதால், அதைப் பை போன்ற புடைப்பு என்று தவறாக எழுதிவிடலாம். கால்சியம் கலந்த ஊசி சிடியில் கல் போலத் தோன்றும். கசிவுக்கு நரம்புத் தூண்டல் கருவி பொருத்தியவர்கள் எம்ஆர்ஐக்கு முன் கருவியின் மாடலைக் கட்டாயம் சொல்லவேண்டும், எல்லா மாடலுக்கும் அனுமதி ஒன்றல்ல.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கும்போதே, என்ன வைத்தார்கள், எந்த ஆண்டு என்ற அறுவைக் குறிப்பின் நகலையும் கொண்டுபோங்கள். அந்த ஒரு வரி கோரிக்கைப் படிவத்தில் இருந்தால்தான் படம் படிப்பவருக்கு எதைத் தேடவேண்டும் என்று தெரியும்.