ஏஐ ஏஜெண்டுக்குக் கடைக் கணக்குவழக்கைத் திறந்துகாட்ட போஸ்ட்கிரெஸ் போதுமா?

சிங்கப்பூரில் தேக்காவிலும் ஜூரோங்கிலும் கிளை வைத்திருக்கும் மளிகை மொத்த வியாபாரம் என்று வையுங்கள். சரக்கு இருப்பு, டெலிவரி, பாக்கி இவற்றை ஏஜெண்ட் (தானே தரவைத் தேடிப் பதில் தரும் ஏஐ உதவியாளர்) பார்க்கலாம். ஊழியர் சம்பளமும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் அதன் கண்ணில் படக்கூடாது. இதற்கென்று தனி மென்பொருள் வாங்குமுன், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இலவசமாகவே இருப்பதைப் பாருங்கள்.

ஏஜெண்டுக்குத் தனி ரோல் (பயனர் கணக்கு) உருவாக்கி, தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் செலக்ட் (படிக்கும்) அனுமதி. கிளைவாரியாகப் பிரிக்க, 9.5 பதிப்பில் வந்த ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு. இதுவரை அருமை.

சறுக்குவது வியூவில், அதாவது அட்டவணைபோலவே தெரியும், சேமித்து வைத்த வினவலில். வியூ அதன் உரிமையாளரின் அனுமதியில் ஓடும். அட்டவணையும் அவருடையதே என்றால் வரிசைக் கட்டுப்பாடு வழக்கமாக அவரைத் தடுக்காது. விளைவு, தேக்கா ஏஜெண்டுக்கு ஜூரோங் பாக்கியும் தெரியும். எரர் எதுவும் வராது, அதுதான் வம்பு. 15ஆம் பதிப்பில் வந்த செக்யூரிட்டி இன்வோக்கரை (கேட்பவரின் அனுமதியிலேயே ஓடவைக்கும் அமைப்பு) வியூவில் போட்டால் சரியாகும்; பழைய பதிப்பென்றால் வியூவே கொடுக்காதீர்கள்.

ரோலுக்கு 'ரீட் ஒன்லி' என்று இயல்பு அமைப்பு வைப்பது வெறும் அலங்காரம். ஏஜெண்டே செஷனுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வினவலுக்கு நேர வரம்பு வைக்கும் ஸ்டேட்மெண்ட் டைம்அவுட்டும் அப்படித்தான். எழுதும் அனுமதியையே தராமல், ரெப்ளிகாவில் (தரவுத்தளத்தின் நகலில்) ஓடவிடுங்கள். அப்போது, அட்டவணைகளை இணைக்கும் கோணலான ஜாயின் ஒன்று கல்லாப்பெட்டி பில்லிங்கை முடக்காது.

போஸ்ட்கிரெஸ்ஸால் முடியாதது ஒன்று: டெலிவரி குறிப்பில் ஓட்டுநர் ஐசி எண்ணைத் தட்டியிருந்தால் அதற்குத் தெரியாது. குறிப்பு நெடுவரிசையை முதலில் மூடிவிடுங்கள்.