லாடெக் கட்டற்ற மென்பொருள்தானா? உரிமத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஆவணங்களை அச்சுத் தரத்தில் வடிவமைக்கும் லாடெக் மென்பொருளை இறக்கக் காசு கேட்பதில்லை, மூலநிரலும் கண்முன்னே இருக்கிறது. அதனால் மட்டும் அது கட்டற்றதாகிவிடாது. எந்த வேலைக்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் வேண்டும். லாடெக்கில் நான்காவதுதான் சர்ச்சைக்குள்ளானது.

லாடெக் வெளியிடப்படும் உரிமமான லாடெக் திட்டப் பொது உரிமத்தின் 1.2 பதிப்பு, கோப்பை மாற்றினால் பெயரையும் மாற்றச் சொன்னது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழுவினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இருந்தாலும் அந்த விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு விதமான 'ஆர்ட்டிக்கிள்' வகுப்புக் கோப்புகள் (ஆவணத்தின் வடிவத்தை வரையறுப்பவை) உலவினால், ஒரே ஆவணம் இரண்டு கணினிகளில் வெவ்வேறு இடத்தில் வரி மடங்கும். தவறு எங்கே என்று தேடியே நாள் போகும்.

2003-இல் வந்த 1.3 பதிப்பு முடிச்சை அவிழ்த்தது. இப்போது பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அசல் கோப்பு இயங்கும்போது பயனருக்குத் தன்னை அடையாளம் காட்டும் இடங்களில், அதற்குப் பதிலாக நேரடியாக ஏற்றப்படும் கோப்பு தான் மாற்றப்பட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.  தொகுப்பின் (லாடெக்கோடு சேர்த்து ஏற்றும் கூடுதல் கோப்பு) தலைப்பில் அதன் பெயரையும் பதிப்பையும் சொல்லும் 'புரொவைட்ஸ்பேக்கேஜ்' வரியைத் திருத்தினால் அது பதிவுக் கோப்பில் மட்டுமே விழும், திரையில் வராது. திரையிலும் தெரிய வேண்டுமானால் 'டைப்அவுட்' கட்டளையால் ஒரு வரி காட்டலாம். அதோடு என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்பும், அசல் முழுவதுமோ அது கிடைக்கும் இடமோ சேர வேண்டும். பழைய ஆசிரியர் உங்கள் பதிப்புக்கு உதவி தருவார் என்று தோன்றும்படி எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் கணினிக்குள் மட்டும் மாற்றி வைத்துக்கொண்டால் இவை எதுவும் தேவையில்லை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1.3ஏ பதிப்பைக் கட்டற்ற உரிமம் என்றே வகைப்படுத்துகிறது. 2008-இன் 1.3சி பதிப்பு திறமூல முன்னெடுப்பின் ஒப்புதல் பட்டியலில் உள்ளது. ஆக, லாடெக் கட்டற்றதே. பெயரையும் அடையாளத்தையும் காக்கும் விதியை உரிமைப் பறிப்பு என்று சொல்வது சரியல்ல.

குறை இல்லாமல் இல்லை. ஜிபிஎல் என்ற பரவலான கட்டற்ற உரிமத்தோடு இது ஒத்துப்போகாது, இரண்டின் நிரலையும் ஒன்றாகக் கலந்து வெளியிட முடியாது. நீங்கள் லாடெக்கில் எழுதும் ஆவணத்துக்கும் அதிலிருந்து வரும் பிடிஎஃபுக்கும் இந்த உரிமம் பொருந்தாது, அவை உங்களுடையவை.

லாடெக்கின் அடித்தளமான டெக் நிரலின் ஏற்பாடு தனி. அதை உருவாக்கிய டொனால்ட் நூத் மாற்றத்தைத் தடுக்கவில்லை. மாற்றியதை 'டெக்' என்று அழைக்கக் கூடாது, அவ்வளவுதான். டெக்கிலிருந்து வளர்ந்த லுவாடெக் எந்திரமோ ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது.

உண்மையான கண்ணி தொகுப்புகளில் இருக்கிறது. டெக், லாடெக் தொகுப்புகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியமான சிடானில் விற்கத் தடை, வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்ற உரிமங்களும் உண்டு. லாடெக்கை நிறுவ உதவும் டெக் லைவ் தொகுதி அவற்றைச் சேர்ப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு தொகுப்பையோ எழுத்துருவையோ கொண்டுவந்தால், அதன் சிடான் பக்கத்தில் உள்ள உரிம வரியையும் கோப்பின் தலைப்புக் குறிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், வெளியிடும் முன் பராமரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.