கொழும்பில் நான்கு நாள், நிலாவெளியில் ஐந்து நாள்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 2025 யூலை கடைசி வாரத்தில் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போனோம். நான், மனைவி, 12 வயது மகள், 8 வயது மகன், கூடவே 75 வயதைத் தொட்டுவிட்ட அம்மா. நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை உட்துறைமுக வீதியில் என்றாலும், அந்த வீடு கைமாறிப் பல காலமாகிறது. அங்கே மிஞ்சியிருக்கும் உறவினர்களும் சிறிய வீடுகளில் நெருக்கமாக வாழ்கிறவர்கள். ஆகவே இம்முறை யாருக்கும் பாரமாக இருப்பதில்லை என்றும், முதல் நான்கு நாட்களைக் கொழும்பிலும் அடுத்த ஐந்து நாட்களைத் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையிலும் காசு கொடுத்துத் தங்கும் விருந்தினராகவே கழிப்பது என்றும் முடிவு செய்தோம். நகரமும் கடலும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று நினைக்கிற வேறு குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதால், எங்களுக்குக் கிடைத்த சேவைகள் எப்படியிருந்தன என்பதை எழுதி வைக்கிறேன்.

2019 ஆகஸ்டில் நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சுற்றுலா விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்ததால், தெற்கே பெந்தோட்டையில் ஒரு நல்ல விடுதி பாதி விலைக்குக் கிடைத்தது. போய் இறங்கினால், இருந்த நாட்கள் முழுவதும் கரையில் செங்கொடி பறந்தது. பிள்ளைகள் நீச்சல் குளத்தைத் தாண்டவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்துக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் என்பது கடலோரத்தில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. மலிவு கண்ணை மறைத்துவிட்டது. அதே மாதங்களில் கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றை எங்கள் பக்கத்தில் கச்சான் என்பார்கள். நண்பகலில் முகத்தைச் சுடுமே தவிர, கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையை எழுப்பாது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகளுக்கு யூலை, ஆகஸ்டில் விடுமுறை என்பதால் நமக்குக் கிழக்குக் கரைதான் பொருந்தும்; மார்கழியில் நீண்ட விடுமுறை கிடைக்கும் அவுஸ்திரேலியக் குடும்பங்கள், கிழக்கில் வாடைக்காற்று வீசி மழையும் பெய்யும் அந்தக் காலத்தில், தெற்கையும் மேற்கையும் தேடுவதே சரி.

கட்டுநாயக்கவில் அதிகாலை இரண்டு மணிக்கு இறங்கினோம். இணையவழியில் முன்னரே பெற்றிருந்த பயண அனுமதியால் குடிவரவுப் பகுதியில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க நேரவில்லை, கைபேசிக்கான சிம் அட்டையும் அந்த நேரத்திலேயே வாங்க முடிந்தது. 2013இல் திறக்கப்பட்ட அதிவேக வீதி வந்த பிறகு விமான நிலையத்துக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட பயணம் முன்பு போல அலுப்பூட்டுவதில்லை. ஆனால் வெள்ளவத்தையில் நாங்கள் எடுத்திருந்த தொடர்மாடி வீட்டின் வாசலில் நான்கு மணிக்கு நின்றபோதுதான், எங்கள் பதிவு அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்குகிறது என்ற உண்மை உறைத்தது. காவலாளி உரிமையாளரை எழுப்பி, அரைநாள் வாடகையை மேலதிகமாகப் பெற்றுக்கொண்டு திறந்துவிட்டார். அவரில் பிழை சொல்ல முடியாது. நள்ளிரவுக்குப் பின் இறங்கும் விமானத்தில் வருகிறவர்கள் முதல்நாள் இரவையும் சேர்த்தே பதிவு செய்துவிட வேண்டும்.

அந்த வீட்டின் விளம்பரத்தில் 'கடல் தெரியும்' என்று இருந்தது. பலகணியின் ஓரத்தில் நின்று கழுத்தை வெளியே நீட்டினால் உண்மையில் தெரியத்தான் செய்தது. கடலுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே கரையோரப் புகையிரதப் பாதை ஓடுவதால், முதல் வண்டியின் சத்தமே எங்களுக்கு விடியல் மணியாயிற்று. நேர மாற்றத்தால் எப்படியும் தூக்கம் வராத முதல் இரண்டு நாட்களில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. நகரத்தை முதலில் வைத்ததன் பயனும் அதுதான். உடல் தடுமாறும் நாட்களில் அம்மாவின் வங்கி அலுவல், பிள்ளைகளின் உடுப்பு, புறக்கோட்டைச் சந்தை என்று அலைந்து தீர்த்துவிட்டோம். செயலி மூலம் அழைத்த முச்சக்கரவண்டிகள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் வந்தன, கட்டணத்துக்குப் பேரம் பேசும் பழைய தொல்லையும் இல்லை. ஓட்டுநர்கள் கைபேசியில் சிங்களத்தில்தான் வழி கேட்டார்கள். துருப்பிடித்த என் சிங்களத்தைக் கேட்டு மகள் சிரித்தாள்.

கொழும்பில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், தாமரைக் கோபுரத்தை விட்டுவிட்டு 1877இல் தொடங்கப்பட்ட தேசிய நூதனசாலைக்குப் போகச் சொல்வேன். காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் காணிக்கை விவரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையிலிருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் படித்த மகள், அது தமிழ் எழுத்து என்பதையே நம்ப மறுத்துக் கால்மணி நேரம் அந்தக் கல்லின் முன் நின்றாள். இதே நூதனசாலை வாசலில்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரியும் வழக்கமும் ஆரம்பமானது. வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்நாட்டவருக்கு அதில் ஒரு சிறு பகுதி. எங்களோடு கனடாவில் வாழ்ந்தாலும் அந்நாட்டுக் குடியுரிமை எடுக்காத அம்மா, கைப்பையிலிருந்து பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்.

இந்தப் பயணத்தில் நகரமும் நன்றாக இருந்தது, கடலும் நன்றாக இருந்தது; சிரமம் முழுவதும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே நாளில் குவிந்து கிடந்தது. கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் புகையிரதம் உண்டு. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து போகும். சிறுவயதில் அந்த வண்டியில் போன நினைவு எனக்கு இனிமையானது என்றாலும், ஐந்து பேர், எட்டுப் பெட்டிகள், முழங்கால் வலியுள்ள அம்மா என்று கணக்கிட்டபோது வான் ஒன்றே வழியாகத் தெரிந்தது. நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் வெள்ளவத்தையில் கேட்ட வான்காரர் எல்லோரும் யாழ்ப்பாணப் பயணத்தையே விரும்பினார்கள். ஒருவர் முற்பணம் வாங்கிக்கொண்டு முதல்நாள் இரவு எட்டு மணிக்கு 'வண்டி பழுது' என்று கைவிரித்தார். முற்பணம் திரும்பி வர மூன்று நாட்கள் ஆயின. அவசரத்தில் தேடிப் பிடித்த இரண்டாமவரோ நேர்த்தியான மனிதர். இரவே புறப்பட்டு விடியும்போது கடலைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, ஹபரணைக்கு அப்பால் யானைகள் வீதியைக் கடக்கும், இருட்டில் ஓட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த ஆண்டு பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதி 6 யானைகள் இறந்த செய்தியை நினைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுக் குருநாகல், தம்புள்ளை வழியாக, இடையில் இரண்டு முறை நின்று, கந்தளாயில் மண்சட்டித் தயிரும் வாங்கி, பகல் பன்னிரண்டரைக்கு நிலாவெளியை அடைந்தோம்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னை ஆங்கிலத்தில் வரவேற்றாள். நான் தமிழில் பதில் சொன்னதும், "அண்ணா, நீங்க எந்த ஊர்?" என்று கேட்டாள். "இந்த ஊர்தான்" என்றேன். அவள் சிரித்தபடி கடவுச்சீட்டைக் கேட்டாள், சிரிப்பு அதோடு நின்றது. எங்கள் இரண்டு அறைகளையும் என் மச்சான் தன் பெயரில் உள்நாட்டவர் கட்டணத்தில் பதிவு செய்திருந்தான். கனடியக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான் என்றும், வேறுபாட்டை டொலர் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும், அந்தத் தொகை ஏறத்தாழ முதல் தொகைக்குச் சமம் என்றும் முகாமையாளர் பணிவாகவே விளக்கினார். இரட்டைக் குடியுரிமையும் அடையாள அட்டையும் இருந்திருந்தால் பிரச்சினை இல்லையாம். என்னிடம் இரண்டும் இல்லை. நான் பிறந்த வைத்தியசாலை அங்கிருந்து 15 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது என்பதை வாதத்துக்காகச் சொல்லிப் பார்த்தேன், அது அவர்களுடைய கணினியில் ஏறவில்லை. யோசித்துப் பார்த்தால், ரொறன்ரோச் சம்பளத்தில் வாழும் நான் ஊரில் ரூபாவில் உழைக்கிறவரின் சலுகையைக் கேட்பதில் நியாயம் அதிகமில்லை. ஆனால் பதிவை உறுதி செய்து அனுப்பிய கடிதத்தில் இந்த நிபந்தனையை ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டும் என்ற என் குறை இன்னும் குறையாகவே இருக்கிறது. கடைசியில் அம்மாவும் மகளும் தங்கிய அறை அம்மாவின் அட்டையால் உள்நாட்டுக் கட்டணத்தில் தப்பியது, எங்கள் அறை அகப்பட்டது.

உணவுப் பட்டியலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதில் அச்சிட்டிருக்கும் விலையோடு 10 வீதம் சேவைக் கட்டணமும், அதன் மேல் 18 வீதம் வற் வரியும் சேரும். 1,000 ரூபா என்று நினைத்து உண்டது பற்றுச்சீட்டில் ஏறத்தாழ 1,300 ரூபாவாக வந்து நிற்கும். அந்தச் சேவைக் கட்டணத்துக்கு ஏற்ற சேவை கிடைத்ததா என்றால், ஆம் என்றே சொல்வேன். பாணும் பழமும் முட்டையுமாக வெளிநாட்டவருக்கென்று பரப்பி வைத்திருந்த காலை உணவை அம்மா பார்த்த பார்வையைக் கண்ட சமையற்காரர், மறுநாளிலிருந்து கேட்காமலே இடியப்பமும் சொதியும் அனுப்பி வைத்தார். அறை துப்பரவு செய்த குச்சவெளிப் பெண், அம்மாவுக்காகக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தானாகவே கொண்டுவந்து போட்டார். குளிரூட்டி ஓர் இரவு நின்றபோது திருத்த வருகிறோம் என்றவர்கள் காலையில்தான் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடல் எதிர்பார்த்தது போலவே இருந்தது. நெடுந்தூரம் நடந்தும் மகனுக்கு இடுப்பளவைத் தாண்டவில்லை. ஆனால் அமைதியான கடலிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: கச்சான் கரையிலிருந்து வீசுவதால், காற்றடைத்த மிதவையில் பிள்ளை ஏறினால் அது ஓசையில்லாமல் வெளிக்கடலை நோக்கி நகரும். இரண்டாம் நாள் மகனின் மிதவை அப்படி நழுவியது. நல்லவேளையாக அவன் அதில் இல்லை. ஒரு மீனவர் படகில் போய் எடுத்துத் தந்துவிட்டு, "இதைக் காத்து இறக்கி வையுங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பால் இருக்கும் புறாமலை, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தீவு. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு, அதற்குரிய வரி, படகுக் கூலி, முகமூடிக்கும் துடுப்புக் காலணிக்குமான வாடகை என்று தனித்தனியாகச் சேர்வதால், முதலில் கேட்ட தொகையை நம்பிப் போகக்கூடாது. முழுக் கணக்கையும் எழுதி வாங்கிக்கொண்டே படகில் ஏறினோம். உயிர்காப்பு அங்கியில் மகனின் அளவுக்கு ஏற்றது முதலில் இல்லை என்றார்கள், நாங்கள் ஏற மாட்டோம் என்று நின்றதும் பக்கத்துப் படகிலிருந்து ஒன்று வந்தது. காலை ஏழரைக்கே போனதால் கூட்டம் குறைவு. கரும்புள்ளித் துடுப்புடைய சிறு சுறாக்கள் இரண்டு, மகளின் காலுக்குக் கீழே அமைதியாகக் கடந்து போயின. ஒன்பதரைக்குப் பிறகு வந்தவர்களில் பலர் உயிருள்ள பவளத்தின் மேலேயே ஏறி நின்று படமெடுத்தார்கள். தடுக்க வேண்டிய காவலர் ஒருவர்தான்; அவருடைய விசிலுக்கு யாரும் திரும்பவில்லை.

நான்காம் நாள் திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் மான்களுக்குப் பிள்ளைகள் கிட்டப் போய்விடாமல் பார்ப்பதே வேலையாயிற்று. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் அருகே நின்று அம்மா வெகுநேரம் கடலைப் பார்த்தார். "உங்க நிண்டு பாக்கிறதுக்கு ஒருத்தரும் காசு கேக்கேல்லை, பாத்தியா?" என்றார்.

இன்னொரு முறை போனால் கொழும்பில் ஒருநாளைக் குறைப்பேன். நிலாவெளியில் ஐந்து நாள் சரியான அளவு. திரும்பும்போது நேராக விமான நிலையத்துக்கு ஓடாமல், அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கினோம். அங்கே கடல் இரைந்துகொண்டிருந்தது, யாரும் இறங்கவில்லை, எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. உப்பு மணலைத் தட்டிப் பெட்டிகளை அடுக்க ஓர் அறை இருந்தால் போதுமானதாக இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் கடவுச்சீட்டுகளைக் கேட்க வாயெடுப்பதற்குள், அம்மா தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.