பழைய செஸ்னா 172-உடன் ஒன்பது ஆண்டுகள்

1975-இல் தயாரான செஸ்னா 172எம் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஒன்றை 2015-இல் வாங்கினேன். ஹூஸ்டனுக்கு மேற்கே, நெல் வயல்களை ஒட்டிய ஒரு சின்ன விமானத் தளத்தில் அதை நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் அது சுமார் 850 மணி நேரம் பறந்திருக்கிறது. சொந்தமாக ஒரு விமானம் வாங்கலாமா என்று இங்கே அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

172-ஐத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த மாடல் 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. அதனால் எந்த ஊரில் இறங்கினாலும் இதன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவராவது இருப்பார். உதிரிபாகமும் கிடைக்கும். பெட்ரோல் தொட்டி உள்ள இறக்கை மேலே இருப்பதால் பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு இறங்கி வருகிறது. சக்கரங்களை மடக்கும் வேலையும் கிடையாது. கெட்டுப்போகக் கூடிய பொருட்கள் குறைவு.

ஆனாலும் முதல் ஆண்டே எனக்குப் பெரிய அடி விழுந்தது. முந்தைய உரிமையாளர் கடைசி இரண்டு ஆண்டுகளில் மொத்தமே 12 மணி நேரம்தான் ஓட்டியிருந்தார். அதைப் பார்த்து, எஞ்சின் அதிகம் தேயாமல் இருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். வாங்கும் முன் சோதித்தவர், அந்த விமானத்தை வழக்கமாகக் கவனித்து வந்த மெக்கானிக். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் 80-க்கு 74, 76 என்று நன்றாகவே வந்தது. நான் 60 மணி நேரம் ஓட்டிய பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். காகித மடிப்புகளில் மினுமினுவென்று இரும்புச் செதில்கள். காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டன. ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே விளக்கடித்தபோது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முகப்புகள் துரு அரித்துப் பொரிந்து போயிருந்தது தெரிந்தது. எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க ஆன செலவு, விமானத்தின் விலையில் பாதிக்கு மேல்.

காரணம் இதுதான். லைகோமிங் நிறுவனத்தின் இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி வைத்தால் அதன் மேல் இருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து கீழே போய்விடும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று வெற்று இரும்பில் படிகிறது. மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு, உரசும் பரப்பைச் சுரண்டிக்கொண்டே போகிறது. சிலிண்டர் அழுத்தச் சோதனையில் இது தெரியவே தெரியாது. வால்வும் பிஸ்டன் வளையங்களும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அது சொல்லும்.

எனவே வாங்கப் போகிறவர்கள் முதலில், பறந்த நேரமும் செய்த வேலைகளும் பதிவாகும் லாக் புத்தகத்தை எடுத்து, கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். மொத்த மணி நேரம் அதிகமாக இருந்தாலும், வாரம்தோறும் பறந்த எஞ்சினைத்தான் நான் நம்புவேன். சோதிக்கும் மெக்கானிக்கும் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது.

30 நாளுக்கு ஒரு முறையாவது, ஆயில் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இருக்க, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்கச் சொல்கிறது லைகோமிங். எங்கள் ஊர் ஈரத்துக்கு அது போதாது என்று நினைத்து நான் பத்து நாளைத் தாண்ட விடுவதில்லை. சிலர் வானிலை சரியில்லாத வாரங்களில் தரையிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் கலக்கும். அதை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவோம். சும்மா விட்டுவைப்பதே அதைவிட மேல்.

பைலட் உரிமம் உள்ள உரிமையாளர் ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, டயர், பேட்டரி மாற்றுவது போன்ற வேலைகளைத் தானே செய்து, லாக்கில் எழுதிக் கையெழுத்திட அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ அனுமதிக்கிறது. 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது நானே ஆயில் மாற்றுகிறேன். ஆயில் தொட்டி எட்டு குவார்ட் பிடிக்கும் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்). எட்டும் நிரப்பினால் மேலே இருப்பது மூச்சுக்குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் அடிவயிற்றில் பூசிக்கொள்ளும். ஆறரையில் வைத்தால் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டி, காகிதத்தை விரித்து வெயிலில் பார்ப்பேன். இப்போதெல்லாம் ஒன்றும் மினுங்குவதில்லை. அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி பெரிது.

பிளக் பற்றியும் சொல்ல வேண்டும். என் 150 குதிரைத்திறன் எஞ்சின், 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்தச் சிவப்புப் பெட்ரோல் இப்போது கிடையாது. இன்று பெரும்பாலான தளங்களில் கிடைக்கும் நீல நிற 100எல்எல்-இல், அதற்கு அனுமதிக்கப்பட்டதைப் போல நான்கு மடங்கு வரை ஈயம் இருக்கலாம். அது சின்னச் சின்ன உருண்டைகளாகக் கீழ்ப் பிளக்குகளில் போய் அடைகிறது. புறப்படும் முன் நிமிடத்துக்கு 1,700 சுற்றில், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் சோதிக்கும்போது எஞ்சின் உதறினால் பெரும்பாலும் இதுதான். தரையில் ஓடும்போதே, கலவையில் பெட்ரோலைக் குறைக்கும் குமிழை நன்றாக இழுத்து வைக்கும் பழக்கம் வந்த பிறகு எனக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

அப்புறம் இருக்கைத் தண்டவாளம். இருக்கையைப் பிடித்து நிறுத்தும் ஊசி, தண்டவாளத்தில் உள்ள துளைகளைத் தேய்த்து அகலமாக்கிவிடும். விமானம் மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கினால், கைக்கு அகப்பட்ட ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பதுதான் மனித இயல்பு. அப்படி இழுத்தால் மூக்கு இன்னும் தூக்கி விமானம் விழுந்துவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. 1987-இல் எஃப்ஏஏ இதற்கென்று கட்டாயச் சோதனை கொண்டுவந்து, 2011-இல் அதைப் புதுப்பித்தது. ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் பார்த்துவிடுவார் என்று நான் விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவேன்.

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று நம்ப வேண்டாம். என் விமானம் தன் எடை போக 399 கிலோ தூக்கும். பெட்ரோலை நிரப்பினால் மிச்சம் 296 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறினால் ஒரு பை கூட வைக்க முடியாது. அதோடு, நாங்கள் அடிக்கடி போகும் ஃபிரெடரிக்ஸ்பர்க் 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மதியம் 37 டிகிரி செல்சியஸ் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், அங்கே விமானம் 4,500 அடிக்கு மேல் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். காரில் நான்கு மணி நேரம் ஆகும் ஊர். இதில் ஒன்றரை மணி. ஆனால் கோடையில் காலை ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவேன்.

ஒரு டிசம்பர் காலை, 14 டிகிரி செல்சியஸ் குளிரில், தரையிறங்கத் தாழ்ந்து வரும்போது எஞ்சின் தடுமாறியது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி. வெளியே உறைநிலைக்கு வெகு மேலே இருந்தாலும், உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ந்து காற்றின் ஈரம் உறைந்துவிடுகிறது. சூடு தரும் குமிழை இழுத்தேன். எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமியது. உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகும் அந்தச் சில நொடிகளில், பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத் தோன்றும். தள்ளாமல் பொறுத்தேன், சரியாகிவிட்டது. இதை முன்பே சொல்லிக் கொடுத்த என் பயிற்சியாளரை அன்று மனதாரக் கும்பிட்டேன்.

இன்னொரு முறை ஓடுபாதையில் வேகம் எடுத்தும் வேகமானியின் முள் அசையவில்லை. உடனே பவரைக் குறைத்து நின்றுவிட்டேன். வேகமானிக்குக் காற்று வரும் குழாய்க்குள் குளவி மண் அடைத்திருந்தது. குழாய் உறையை மாட்டாமல் விட்டுப் போனது ஒரே ஒரு வாரம்தான்.

இனி பணம். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனையும் அதில் வரும் ரிப்பேரும், சில்லறைச் செலவுகள் எல்லாம் சேர்த்து இந்த விமானத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 8,500 டாலர். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது போகும். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எட்டு கேலன் பெட்ரோலுக்கு 44 டாலர், அடுத்த எஞ்சினுக்கென்று 15 டாலர் எடுத்து வைக்கிறேன். ஆண்டுக்கு 90 மணி நேரம் பறந்தால் மணிக்கு 153 டாலர். 30 மணி நேரம்தான் என்றால் 342. எங்கள் பகுதியில் இதே விமானம் வாடகைக்கு 170 டாலர் அளவில் கிடைக்கிறது. ஆக, ஆண்டுக்கு 75 மணி நேரத்துக்குக் கீழே பறப்பவர் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம்.

2019-இல் வேலை கூடி என் பறப்பு குறைந்தபோது, பாதிப் பங்கை ஒரு நண்பருக்கு விற்றேன். நிலையான செலவு எனக்குப் பாதியானது. வாரத்தில் அவர் ஒரு நாள், நான் ஒரு நாள். புதுப்பித்த எஞ்சினில் இப்போது 790 மணி நேரம் ஆகியிருக்கிறது. 2,000 வரை ஓட்டலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஹேங்கர் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறோம். பறந்த நாளை வட்டமிட்டு, ஆயில் எத்தனை டிகிரி வரை ஏறியது என்று பக்கத்தில் குறிக்கிறோம். கடைசி வட்டத்திலிருந்து பத்தாவது நாள் நெருங்கினால், இருவரில் யாராவது ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுவிடுவோம்.